லஸ்கர்: சொல் விளக்கம்

நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்ற மூணாறு தலைப்பிலும், அதைவிடச் சிறிய வாய்க்கால் தலைப்புகளிலும், திருகுத் தண்டுக்கு கிரீஸ் தடவி, கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றி இறக்கி, அளவுகோலில் நீர்மட்டம் பார்த்துக் குறித்துக்கொள்ளும் அரசுக் கடைநிலைப் பணியாளரைக் காவிரிப் பாசனப் பகுதியில் ‘லஸ்கர்’ என்று அழைக்கிறார்கள். ‘லஸ்கர் இன்னும் ஷட்டரத் தூக்கல’ என்பது கடைமடை விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கும் குறை. ஆனால் ஆற்றுக்கு வருமுன் இச்சொல் நெடுங்காலம் கடலில் புழங்கியது.

பாரசீகத்தில் ‘லஷ்கர்’ என்றால் படை அல்லது பாளையம், அதாவது படை தங்கும் முகாம். படையைச் சேர்ந்தவன் ‘லஷ்கரி’. போர்ச்சுகீசியர் உள்நாட்டுப் படைவீரரை ‘லஸ்காரிம்’ என்றனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்கு அமர்ந்த ஆசிய மாலுமிகள் அனைவருக்கும் ‘லாஸ்கர்’ என்பதே ஆங்கிலத்தில் பொதுப்பெயராயிற்று. அவர்களை ஆள்சேர்த்து மேய்த்தவர் சாரங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டேல். சாரங்கு என்பது தலைவனைக் குறிக்கும் ‘சர்ஹங்’ என்ற பாரசீகச் சொல்லின் திரிபு. சுக்கான் அரபியிலிருந்து வந்தது. சுக்கான் பிடிப்பவனாகிய ‘சுக்கானி’யை ஆங்கிலேயர் ‘சீகன்னி’ ஆக்கிவிட்டனர் (கடலுக்கும் கன்னிக்கும் அதில் தொடர்பேதும் இல்லை). அரபி, பாரசீகம், போர்ச்சுகீசியம், இந்துஸ்தானி, ஆங்கிலம் எல்லாம் கலந்த இந்தக் கப்பல் தளத்துக் கொச்சை ‘லஸ்கரி’ எனப்பட்டது. அது தெரியாத அதிகாரி பாய்மரக் கப்பலில் ஆணையிட முடியாது என்பதால், தாமஸ் ரோபக் 1811-இல் கல்கத்தாவில் அதற்கென ஓர் அகராதியே வெளியிட்டார். 1658 வரை போர்ச்சுகீசியரிடமும் 1781 வரை டச்சுக்காரரிடமும் இருந்த நாகப்பட்டினத்துக்கு இத்தகைய கலப்புச் சொற்கள் அன்னியமானவையாக இருந்திருக்க முடியாது.

கரையில் சொல் வேறு வழியில் பரவியது. ஆங்கிலேயர் படையில் பீரங்கி இழுப்பவரும் கூடாரம் அடிப்பவரும்கூட லஸ்கர்களே. 1836-இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் உள்பட, அக்காலப் பாசனப் பொறியாளர் பலர் படையதிகாரிகள். ஆகவே சொல் மதகுக்கு வந்தது கப்பல் வழியாக அன்று, பாளையத்தின் வழியாகவே என்று கொள்ளத் தோன்றுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? கடற்பொருளில் ‘மாலுமி’ கைகொடுக்கும் எனில், அதுவும் ‘முஅல்லிம்’ என்ற அரபிச் சொல்லின் திரிபே. கலத்தைச் செலுத்துபவனுக்கு அகநானூற்றின் 255-ஆம் பாடலில் ‘நீகான்’ உண்டு; ‘மீகாமன்’ இன்றும் புரியும். ஆயினும் லஸ்கர் கலத்தைச் செலுத்துபவர் அல்லர், பாயும் கயிறும் இழுத்தவர். அவருக்குக் ‘கடலோடி’ பொருந்தும். ஆற்றுப்பொருளில் ‘நீர்பாய்ச்சி’ என்பதைச் சிலர் பரிந்துரைக்கலாம். ஆனால் நீர்பாய்ச்சி ஊராரின் ஆள், வயலுக்கு நீர் கட்டுபவர். தலைப்பில் அரசு ஆணைப்படி திறப்பவரோ வேறொருவர். ‘மடையர்’ பொருளால் சரி, ஆனால் வசைச்சொல்லோடு ஒலி மயங்கும் பெயரை யாரும் பணிப்பதிவேட்டில் ஏற்கமாட்டார்கள். ‘மதகுக்காரர்’ என்பதே எளிது.