பெர்சிஸ்டென்ஸ்: பொருள் நிலைக்கிறதா, நிலைப்பிக்கப்படுகிறதா?

ஒரு தரவுத்தள மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கி, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். நாலைந்து பக்கம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு தலைப்பு: 'பொருள் விடாமுயற்சி இடைமுகம்'. இரண்டு முறை படித்த பிறகுதான் பிடிபட்டது, மூலத்தில் இருந்தது ஆப்ஜெக்ட் பெர்சிஸ்டென்ஸ் இன்டர்ஃபேஸ், நிரலில் உள்ள பொருள்களைத் தரவுத்தளத்தில் நிலைக்க வைக்க நிரலாளர் பயன்படுத்தும் கட்டளைத் தொகுப்பு. அகராதியில் பெர்சிஸ்டென்ஸுக்கு எதிரே விடாமுயற்சி என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். அகராதி மேல் தப்பில்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் பொருந்தும். நிரலில் இருக்கும் பொருள், அதாவது கொஞ்சம் தரவையும் அதன் மேல் நடக்கும் செயல்களையும் சேர்த்துக் கட்டிய ஆப்ஜெக்ட், எதற்கும் முயல்வதில்லை, பாவம். அது சும்மா இருக்கிறது. எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சொல்லின் அடியைத் தோண்டினாலும் முயற்சி கிடைக்காது. லத்தீனில் 'பெர்சிஸ்தெரே' என்று ஒரு வினை. 'பெர்' என்றால் ஊடாக, முழுக்க. 'சிஸ்தெரே' என்றால் நிற்றல். நிற்கச் செய்தல் என்றும் வரும். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆக, கடைசிவரை நிற்பது என்பதே முதற்பொருள். 'சிஸ்தெரே'யும் வடமொழியின் 'ஸ்தா'வும் ஒரே வேரில் கிளைத்தவை. ஸ்தானம், ஸ்தாபனம் எல்லாம் அந்தக் குடும்பம். தமிழுக்கு அந்தக் குடும்பத்தோடு ரத்த உறவு கிடையாது. நம்மிடம் 'நில்' இருக்கிறது: நில், நிலை, நிலையம், நிலைத்தல், நிலையாமை. கடைசியாகச் சொன்னது திருக்குறளில் 34ஆம் அதிகாரத்தின் பெயர். நில்லாதவற்றை நிலையானவை என்று நினைப்பது கீழான அறிவு என்று அதன் முதல் குறளே சொல்கிறது. நினைவகத்தில் மட்டும் இருக்கும் தரவை நம்பி மின்சாரம் போன நேரத்தில் தலையில் கைவைத்தவர்களுக்கு இது புரியும்.

கணினித்துறையில் இந்தச் சொல்லுக்குத் தெளிவான வரையறை 1980களில் அமைந்தது. எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் மால்கம் அட்கின்சன், ரொனால்ட் மோரிசன் முதலானோர் பிஎஸ்-ஆல்கால் என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதைப் பற்றிய கட்டுரை 1983இல் வந்தது. ஒரு தரவு எவ்வளவு காலம் இருந்து பயன்படுகிறதோ, அந்தக் கால அளவே அதன் பெர்சிஸ்டென்ஸ் என்பது அவர்கள் பார்வை. இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கணக்கில், ஒரு கூட்டலின் நடுவே பிறந்து அடுத்த நொடிக்குள் மறையும் எண்ணுக்கும் பெர்சிஸ்டென்ஸ் உண்டு, மிகக் குறுகியது, அவ்வளவுதான். செயற்கூறு முடியும்வரை நிற்பது, நிரல் முடியும்வரை நிற்பது, நிரல் முடிந்த பிறகும் நிற்பது, நிரலின் அடுத்த பதிப்பு வந்த பிறகும் நிற்பது என்று படிப்படியாக ஏறும் அளவுகோல் அது. நாம் இன்று 'பெர்சிஸ்டென்ட்' என்று பேச்சில் சொல்வது மேல் இரண்டு படிகளைத்தான்.

அப்படியானால் தமிழில் எது? நான் எழுதுவது 'நிலைப்பு'. ஆப்ஜெக்ட் பெர்சிஸ்டென்ஸ் என்றால் 'பொருள்நிலைப்பு'. இதில் எனக்குப் பிடித்த ஒரு வசதி: ஸ்டேட் என்பதற்கும் தமிழில் 'நிலை'தான். ஒரு பொருளுக்கு நிலை உண்டு, செயல்கள் உண்டு, அடையாளம் உண்டு. தரவுத்தளத்தில் போய் உட்காருவது நிலை மட்டுமே; செயல்கள் நிரலிலேயே இருந்துவிடும். நிலை நிலைக்கிறது. லத்தீன் சொல்லில் இந்த இரட்டைப் பொருத்தம் வெளிப்படையாக இல்லை.

'சேமிப்பு' போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சேமித்தல் ஒரு செயல், ஒரு நொடியில் நடந்து முடிவது. நிலைப்பு ஒரு பண்பு. கோப்பில் எழுதிவிட்டேன், சரி. திரும்ப எடுக்கும்போது அதே பொருளாக, அதே உறவுகளோடு வருகிறதா? இரண்டு இடத்திலிருந்து எடுத்தால் ஒரே பொருள் கிடைக்குமா, ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு நகல்கள் கிடைக்குமா? இவை சேமிப்பு என்ற சொல்லுக்குள் அடங்காத கேள்விகள். பொருளை பைட்டுகளாக மாற்றும் சீரியலைசேஷனும் இதில் ஒரு படி மட்டுமே.

'நிலைத்தன்மை' வேண்டாம். அதை ஸ்டெபிலிட்டிக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இதே காரணத்தால் 'நிலைப்படுத்து' என்ற வினையையும் ஒதுக்குகிறேன். மின்னழுத்த நிலைப்படுத்தி எல்லோருக்கும் தெரியும்.

'நீடிப்பு' நல்ல சொல், ஆனால் அதை டியூரபிலிட்டிக்கு, அதாவது எழுதி முடிந்த தரவு மின்சாரம் போனாலும் அழியாது என்ற பண்புக்கு, வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதில் 'சிங்க்ரனஸ்' என்று ஓர் அமைப்பு. அதை அணைத்துவிட்டால், தரவை இயங்குதளத்தின் கையில் கொடுத்துவிட்டு, வட்டில் எழுதியாயிற்றா என்று பார்க்காமல் தரவுத்தளம் அடுத்த வேலைக்குப் போய்விடும். நிரல் நொறுங்கினால் தரவு பிழைக்கும். மின்சாரம் போனால் தரவுத்தளமே கெட்டுப்போகலாம். அதாவது நிலைப்பு உண்டு, நீடிப்புக்கு உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டில் எஸ்க்யூலைட் நொடிக்குச் சுமார் 60 பரிவர்த்தனைகளைத்தான் (ஒன்றாகக் கட்டி, மொத்தமாக நடந்தாக வேண்டிய வேலைகள்) முடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வட்டு இரண்டு முறை முழுதாகச் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே இயந்திரத்தில் ஒரே பரிவர்த்தனைக்குள் கட்டிவிட்டால் நொடிக்கு 50,000 பதிவுகளுக்கு மேல் உள்ளே போகும். இந்த இரண்டு எண்களையும் மறந்துவிட்டு வடிவமைத்த இடைமுகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஸ்க்யூலைட் போன்றவற்றை 'எம்பெடட்' தரவுத்தளம் என்பார்கள். அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இது முதலில் நிலவியல் சொல். பாறைக்குள் புதைந்திருக்கும் புதைபடிவத்தைச் சொல்ல 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. தமிழில் 'பதி' என்று எடுத்தால் 'பதிவு' குறுக்கே வரும், தரவுத்தளத்தில் பதிவு வேறு பொருள். அதனால் 'உட்பொதி தரவுத்தளம்'. இதைக் கேட்டதும் சிலர் ஏதோ சின்னக் கருவிக்குள் இருக்கும் சில்லு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தரவுத்தளம் பொதிந்திருப்பது நிரலுக்குள். தனிச் சேவையகம் இல்லை, வலைப்பின்னல் இல்லை. நிரல்கள் எடுத்தாளும் ஒரு நிரல்நூலகமாக, நிரலோடு சேர்ந்து ஒரே செயல்முறையில் ஓடுகிறது. பெர்க்லி டிபி, எஸ்க்யூலைட், எல்எம்டிபி எல்லாம் இந்த வகை. ஒரு கேள்வி கேட்பது கிட்டத்தட்ட ஒரு செயற்கூற்றை அழைப்பது போலத்தான். சேவையகத் தரவுத்தளத்தில் நூறு சின்னக் கேள்விகள் கேட்டால் திட்டு விழும். இங்கே அது பெரிய பாவம் இல்லை. இடைமுகம் என்பது இன்டர்ஃபேஸின் நேர் ஆக்கம், வழக்கில் ஊன்றிவிட்டது, அதை விட்டுவிடுவோம்.

இப்போது வினைக்கு வருவோம். எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான்.

பெர்சிஸ்ட் என்பது ஆங்கிலத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை. ஒரு வலி பெர்சிஸ்ட் ஆகும். வலியை யாரும் பெர்சிஸ்ட் செய்வதில்லை. நிரலாளர்கள்தான் அதை வளைத்தார்கள். அந்த வளைவை ஜாவா உலகில் கண்ணால் பார்க்கலாம். பொருள்களைத் தரவுத்தளத்தில் வைக்க ஜாவா மொழிக்கு 2002இல் வந்த ஜேடிஓ என்ற இடைமுகத்தில் அந்தக் கட்டளையின் பெயர் 'மேக்பெர்சிஸ்டென்ட்', நிலைப்புடையதாக ஆக்கு. இலக்கணத்துக்குப் பயந்த பெயர். அதே வேலைக்கு 2006இல் வந்த ஜேபிஏவில் வெறும் 'பெர்சிஸ்ட்'. நான்கு ஆண்டில் அச்சம் போய்விட்டது. போனதோடு ஒரு வேறுபாடும் மங்கியது: பொருள் தானாக நிற்கிறதா, யாராவது நிறுத்துகிறார்களா?

தமிழில் இதை மங்கவிட முடியாது. உருள், உருட்டு, திருந்து, திருத்து, நில், நிறுத்து. பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும்தான். நிலைத்தல் தன்வினை. அதன் பிறவினை, கற்பித்தல், நடப்பித்தல் போல, நிலைப்பித்தல். இதில் 'கொள்' சேர்ந்தால் நிலைப்பித்துக்கொள்ளுதல். ஒரு பொருள்நிலைப்பு இடைமுகத்தை வடிவமைக்க உட்காரும்போது முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி, இந்த மூன்றில் எந்த வினையை எழுதப்போகிறோம் என்பதே.

குறிப்பு எழுதும் செயலி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதில் 'ஏடு' என்றொரு பொருள், அதற்குள் பல 'குறிப்பு'கள்.

நிலைத்தல் வழியில் கட்டளையே இருக்காது. 'வேர்ப்பொருள்' ஒன்று இருக்கும். ஏட்டை அதோடு இணைத்துவிட்டு கமிட் செய்தால், அதாவது மாற்றங்களை உறுதிசெய்தால், போதும். வேரிலிருந்து எட்டக்கூடிய எல்லாம் நிலைக்கும். பைத்தான் மொழிக்கான இசட்ஓடிபி என்ற பொருள் தரவுத்தளம் இப்படித்தான். படிக்க அழகு, ஆனால் பொருள் மாறியதைத் தரவுத்தளம் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். இசட்ஓடிபியில் ஏட்டின் தலைப்புக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தால் அது தெரிந்துகொள்ளும். ஏட்டுக்குள் இருக்கும் சாதாரணப் பட்டியலில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் தெரிந்துகொள்ளாது, ஏனென்றால் மாறியது பட்டியல், ஏடு இல்லை. கமிட் பிழையில்லாமல் முடியும். மறுநாள் திறந்தால் குறிப்பு இருக்காது. இதற்காகவே தனியாக ஒரு நிலைப்புப் பட்டியல் வகை வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்த மறந்து ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தவன் நான்.

நிலைப்பித்தல் வழியில், பொருள்களை வாங்கித் தரவுத்தளத்தில் வைக்கும் களஞ்சியம் என்று தனியாக ஒன்று நின்று வேலை செய்யும்: களஞ்சியம்.நிலைப்பி(ஏடு). யார் செய்கிறார், எப்போது செய்கிறார் என்பது நிரலில் கண்ணுக்குத் தெரியும். அப்படியும் ஒரு கேள்வி மிஞ்சும்: எவ்வளவு ஆழம்? டிபி4ஓ என்ற உட்பொதி பொருள் தரவுத்தளத்தில் மாற்றங்களைச் சேமிக்கும் ஆழம் இயல்பாக 1, எடுக்கும்போது நிரப்பும் ஆழம் 5. பழைய குறிப்பு ஒன்றைத் திருத்திவிட்டு ஏட்டை மட்டும் சேமித்தால் திருத்தம் வட்டுக்குப் போகாது. ஆறாம் அடுக்கில் இருக்கும் பொருளை எடுத்துப் பார்த்தால் உள்ளே காலியாக இருக்கும். எண்ணை மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த எண் இருப்பதே பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரியும்.

நிலைப்பித்துக்கொள்ளுதல் வழியில் பொருளே தன்னைப் பார்த்துக்கொள்ளும்: ஏடு.நிலைப்பித்துக்கொள்(). ஆக்டிவ் ரெக்கார்ட் என்று பெயர் பெற்ற முறை. வலைத்தளங்கள் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸும் ஜாங்கோவும் பரப்பியது. எழுத எளிது. ஆனால் ஏட்டுக்குத் தன் களஞ்சியம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். உட்பொதி தரவுத்தளத்தில் ஒரே நிரல் இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்திருப்பது சர்வசாதாரணம். அப்போது எந்தக் கோப்பில்? இன்னொன்று, ஒவ்வொரு பொருளும் தன்பாட்டுக்குச் சேமித்துக்கொண்டால் மேலே சொன்ன நொடிக்கு 60 என்ற சுவரில் நேராகப் போய் முட்டும்.

என் சாய்வு நடுவழிக்கு. உட்பொதி தரவுத்தளத்துக்கு நிலைப்பிதான் பொருத்தம், பரிவர்த்தனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வெளிப்படையாக எழுத வைப்பதோடு. ஆழச் சிக்கலுக்கு பெர்க்லி டிபியின் ஜாவா பதிப்பு செய்வது போல, முதன்மைப் பொருள்கள் ஒன்றையொன்று நேரடியாகப் பிடித்துக்கொள்ளாமல் திறவெண்ணால், அதாவது ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்ணால், சுட்டட்டும். குறிப்பு தன் ஏட்டின் எண்ணை மட்டும் வைத்திருக்கும். ஏடு வேண்டுமென்றால் இன்னொரு முறை கேட்கும். இங்கே கேள்வி மலிவு என்பதால் இது சுமையில்லை.

அட்கின்சனின் அளவுகோலில் உச்சிப் படி ஒன்று இருந்ததே, நிரலின் பதிப்பைத் தாண்டி நிற்பது, அங்கேதான் உட்பொதி தரவுத்தளம் அதிகம் தடுமாறும். சேவையகம் என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. வகுப்பில் (பொருள்களை வார்க்கும் அச்சு) ஒரு புலம், அதாவது ஒரு தகவலுக்கான இடம், கூடினால் அவர் அட்டவணையை மாற்றி வைப்பார். இங்கே கோப்பு ஒவ்வொரு பயனரின் கருவியிலும் தனித்தனியே கிடக்கிறது. புதிய பதிப்பு மூன்று பதிப்புக்கு முந்தைய கோப்பைத் திறக்க நேரும். ஆகவே பதிப்பெண்ணைப் பொருளோடு சேர்த்தே நிலைப்பிப்பது நல்லது, முதல் நாளிலிருந்தே.

அந்த உதவிப் பக்கங்களைத் திருத்தி அனுப்பினேன். தலைப்பு 'பொருள்நிலைப்பு இடைமுகம்' ஆயிற்று. பெர்சிஸ்டென்ட் வந்த இடத்தில் 'நிலைத்த', அதற்கு எதிரான ட்ரான்சியன்ட் வந்த இடத்தில் 'நிலையா', டியூரபிலிட்டிக்கு 'நீடிப்பு'. அந்த மென்பொருளில் களஞ்சியம்தான் வேலை செய்கிறது என்பதால் கட்டளை வரும் இடமெல்லாம் 'நிலைப்பி'. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: 'நிலைப்பி' அச்சுப்பிழையா, 'நிலைப்பு' என்று மாற்றிவிடலாமா? 'கற்பு', 'கற்பி' என்று இரண்டு சொற்களை மட்டும் எழுதிப் பதில் அனுப்பினேன்.