சார்னோக்கைட்டு: சொல் விளக்கம்

பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட்டு என்ற பாறையால் ஆனவை. உலகமெங்கும் பாறையியலார் வழங்கும் இந்தப் பெயர் கொல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக வங்காளத்தில் இருந்த ஜோப் சார்னாக் 1690-களில் இறந்தார். புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறைமீது பதித்த எழுத்துப் பலகை சென்னைப் பக்கத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். 1900-இல் தென்னிந்தியாவின் இவ்வகைப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். கல்லைத் தந்த பல்லாவரத்தின் பெயரே அதற்கு வாய்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பொருள் என்று கேட்டால், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த, கிரானைட்டை ஒத்த பாறை. வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பழுப்பேறி, பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். புதிதாக உடைத்த முகத்தைப் பார்க்க வேண்டும்: எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, பச்சையும் கருநீலமும் கலந்த சாம்பல் நிறம், நடுவே நீலம் பாய்ந்த குவார்ட்சு மணிகள். சாதாரண கிரானைட்டின் வெளிர் நிறம் இதில் இல்லை.

இந்தக் கனிமச் சேர்க்கை உருவாக 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், நீர் மிகக் குறைந்த சூழலும் வேண்டும். நம் ஊர்ச் சார்னோக்கைட்டில் பெரும்பகுதி ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த வெப்பத்தைக் கண்டது. அந்தப் பாறைமீது இன்று நாம் செருப்புக் காலோடு ஏறி நிற்கிறோம் என்றால், மேலே கிடந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் எங்கே போனது? மழையும் ஆறும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுபோய்விட்டன. சரக்கு இறக்க இறக்கத் தோணி மேலெழுவதுபோல, மேற்சுமை குறையக் குறைய அடிப்பகுதி எழும்பியது. எழுந்ததும் மறுபடி அரிப்பு. பழைய மலைத்தொடரின் சிகரங்கள் அழிந்து வேர்ப்பகுதி வெளியே வந்தது இப்படித்தான்.

சென்னை, சேர்வராயன் மலை, நீலகிரி ஆகிய இடங்களின் சார்னோக்கைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். தெற்கே கொடைக்கானல் பக்கம் போனால், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடும் வெப்பத்துக்கு உள்ளான தடயம் கிடைக்கிறது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் நிலப்பகுதிகள் ஒன்றுசேர்ந்த காலம் அது. இலங்கையின் மலைநாட்டிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இதே வகைப் பாறை இருக்கிறது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா அந்த ஆதிமலையின் சிகரம் அன்று. பாறை பழையது; இன்றைய உயரம் மிகப் பிந்தைய காலத்தில் நிலம் மேலெழுந்ததால் வந்தது.

இனி, தமிழில் எப்படி எழுதுவது? பலர் 'கருங்கல்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். குவாரியில் கருங்கல் என்றால் சார்னோக்கைட்டும் அடங்கும், டோலரைட்டும் நைசும்கூட அடங்கும்; கட்டட வேலைக்கு அது போதும், பாடப்புத்தகத்துக்குப் போதாது. ஆள் பெயரிலிருந்து பிறந்த சொல் என்பதால் மொழிபெயர்க்கவும் இடமில்லை. ஒலிபெயர்த்து, ஈற்றில் உகரம் சேர்த்து 'சார்னோக்கைட்டு' என்று எழுதுவதே என் பரிந்துரை. அப்போது சார்னோக்கைட்டால், சார்னோக்கைட்டில், சார்னோக்கைட்டுப் பாறை என உருபும் புணர்ச்சியும் இயல்பாக வரும். மாணவர்களுக்கு முதன்முறை சொல்லும்போது 'ஆழ்நிலைக் கருங்கல்' என்று ஒரு விளக்கத் தொடரைக் கூடவே தரலாம். கல்லின் நிறமும் அது உருவான இடமும் அதிலேயே தெரிந்துவிடும்.