சித்திக்காக ஓடுகிறீர்களா? பத்து கிலோமீட்டர் போதும்

தருமபுரியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பவனிடம் ஓட்டக்காரர்கள் அதிகம் வரமாட்டார்கள். வருவதெல்லாம் மூட்டுத் தேய்மானம், தோள்பட்டை இறுக்கம், பக்கவாதத்துக்குப் பிறகான நடைப்பயிற்சி. கொஞ்ச நாளாக இன்னொரு வகையினரும் வருகிறார்கள். சொந்தத்தில் யாருக்கோ புற்றுநோய். பணம் திரட்ட மாரத்தான் ஓடப்போவதாக வாட்ஸ்அப்பில் அறிவித்தாயிற்று. தேதிக்கு ஆறேழு வாரம்தான் பாக்கி. இப்போது கால் வலிக்கிறது.

எண்ணத்தில் குறையே இல்லை. தூரம்தான் பிரச்சினை. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். இங்கிருந்து ஒகேனக்கல் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பஸ்ஸில் போனாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது!

புதிதாக ஓடுபவருக்கு மூச்சு சீக்கிரம் பழகிவிடும். மூன்று நான்கு வாரத்தில் இரைப்பு குறையும். உடனே 'நமக்கு வந்துவிட்டது' என்று தூரத்தைக் கூட்டுவார். ஆனால் எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். புதுப் பளு விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் அது வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வில்லாமல் ஓடினால் மயிரிழை போல விரிசல் விழும்.

பாலக்கோடு பக்கத்து இளைஞர் ஒருவர், ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சித்திக்கு மார்பகப் புற்றுநோய். எங்கே வலி என்று கேட்டதும் ஆட்காட்டி விரலை முன்பக்கக் கால் எலும்பில் ஒரே இடத்தில் வைத்தார். உள்ளங்கையால் தடவி 'இங்கெல்லாம் வலிக்குது' என்று காட்டினால் பெரும்பாலும் தசையும் எலும்பு உறையும்தான். ஒரு விரலில் காட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன், காலை இழுத்துக்கொண்டார். அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு குதி குதிக்கச் சொன்னேன், முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாமல் இருப்பது சகஜம். எம்ஆர்ஐயில் விரிசல் தெரிந்தது. ஆறு முதல் எட்டு வாரம் ஓடக் கூடாது.

இவர்தான் சித்தியை பெங்களூருக்குக் கூட்டிப் போய் வருபவரும். ஓடுகிறவர் அநேகமாக நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவராகவும் இருப்பார். அவர் படுத்துவிட்டால் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்க ஆள் கிடையாது.

"தம்பி, பத்து கிலோமீட்டர்னு மாத்திப் போட்டா, குடுத்தவங்க யாராவது காசைத் திருப்பிக் கேப்பாங்களா?" என்றேன்.

"கேக்க மாட்டாங்க சார்."

அதுதான் விஷயம். பணம் தருபவர் கிலோமீட்டரை அளந்து தருவதில்லை. உங்கள் சித்திக்காகத் தருகிறார். கால் ஆறி, அதன்பிறகு மூன்று மாதம் ஒழுங்காகப் பழகினால் பத்து கிலோமீட்டரைத் தாராளமாக ஓடலாம், நடுவில் நடக்கவும் செய்யலாம்.

இந்த இடத்தில் எல்லோரும் டெர்ரி ஃபாக்ஸை இழுப்பார்கள். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த கனடா இளைஞர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 1980இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். உண்மைதான். ஆனால் கிளம்பும் முன் ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி எடுத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் கேட்டதும் பெரிய தொகை இல்லை, கனடாக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னொரு கெட்ட பழக்கம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள், நம் ஊர் வெயில், வியர்வையில் போன தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதற்குப் பயந்து லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் தப்பு, ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடித்தால் போதும். ரத்தம் கொடுக்க வேண்டி வந்தால், கொடுத்த பின் சில வாரத்துக்கு நீண்ட ஓட்டம் வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதற்காகத் திரட்டுகிறோம் என்று முதலில் உட்கார்ந்து எழுதுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டு இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நீங்கள் போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் கிடையாது, கூட வருபவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் வாங்க வேண்டும். ஆனால் பெங்களூரில் அறை வாடகை, மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ராத்திரி ஆட்டோ, லீவு போட்டதால் போன கூலி, இதையெல்லாம் எந்தக் கார்டும் தராது. நீங்கள் திரட்டும் பணத்துக்கு உண்மையான வேலை அங்கேதான். வரவு செலவை மொய் நோட்டுப் போலப் பெயர் போட்டு எழுதி வையுங்கள், பின்னால் பேச்சு வராது.

ஃபிளெக்ஸ் அடிக்கும் முன் சித்தியைக் கேட்டீர்களா? பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் சிகிச்சை எடுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். முடி கொட்டிய படத்தை நாலு ரோட்டில் பார்க்க அவருக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். படமும் நோயின் பெயரும் இல்லாமலும் பணம் கேட்க முடியும்.

கொடியசைக்க அவரையே மைதானத்துக்குக் கூட்டி வரும் ஆசையும் பலருக்கு உண்டு. கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறைந்திருக்கும். அந்தச் சமயம் கூட்டம் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் அழைத்து வராதீர்கள்.

ஓட்டத் தேதியை முடிவு செய்யும்போது கீமோ தேதிகள் எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தொடை அதிகம் வலிக்கும், படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஞாயிறு ஓட்டம், திங்கள் கீமோ என்று வைத்தால் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேறு ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.