ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் முதலில் கிணற்றடிக்கு ஓடுங்கள்

ஃபைபர் கிளாஸ் வேலையில் ரெசின் என்ற பசையை இறுக வைக்கப் பாவிக்கும் ஹார்ட்னர் கண்ணில் பட்டால் வேண்டியது தண்ணீர். தாய்ப்பால் அல்ல, நந்தியாவட்டைப் பூச்சாறு அல்ல, பாமசியில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து அல்ல. தண்ணீர். அதுவும் அந்த நிமிடமே, நின்ற இடத்திலேயே. இதைக் கிளினிக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அங்கே சொல்லிப் பெரிய பயனும் இல்லை. எங்களிடம் வந்து சேரும்போது, கழுவியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வன்னியில் கண் சிகிச்சைப் பிரிவொன்றில் வேலை செய்கிறேன். முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஃபைபர் படகு கட்டுகிற, திருத்துகிற இடங்களிலிருந்து கண்ணில் தூசி, கண்ணில் ரெசின் என்று ஆட்கள் வருவது எங்களுக்குப் பழக்கம். இப்போது வருகிறவர்கள் வேறு. ஏ.எல். படிக்கிற பெடியள், கம்பஸ் விடுமுறையில் வீட்டில் நிற்கிறவர்கள். ஃபோனில் வெளிநாட்டுக்காரர் செய்வதைப் பார்த்து, அறிவியல் புனைகதைத் தொடர்களில் வரும் விண்கலம், இயந்திர மனிதன், ஆயுதம் எல்லாவற்றையும் அளவு குறைத்து அச்சொட்டாகச் செய்கிறார்கள். கண்காட்சிக்குச் செய்கிறவர்கள் உண்டு, வெறும் ஆசைக்குச் செய்கிறவர்கள் உண்டு. சாமான் எங்கே கிடைக்கும்? மாமாவின் படகுப் பட்டறையில் கிடைக்கும். மிச்ச ரெசின், ஒரு சின்னப் போத்தல் ஹார்ட்னர், ஒரு துண்டு ஃபைபர் பாய்.

கடைசியாக வந்த தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் செய்துகொண்டிருந்தது டாலெக். 1963ஆம் ஆண்டு டிசம்பரில் பிபிசியின் டாக்டர் ஹூ தொடரில் முதன்முதலில் வந்த இயந்திர உருவம், ரேமண்ட் கியூசிக் வடிவமைத்தது. மரத்தாலும் ஃபைபர் கிளாஸாலும் செய்த கூட்டுக்குள் ஒரு நடிகர் இருந்து நகர்த்துவார். கீழே அகன்று மேலே ஒடுங்கும் அடிப்பகுதி முழுக்க அரைக்கோளங்கள், மொத்தம் 56. உச்சியில் குவிமாடம், அதிலிருந்து முன்னால் நீளும் கண் தண்டு. தம்பி செய்தது ஐந்தில் ஒரு பங்கு அளவு.

படத்தை ஃபோனில் காட்டினார். நல்ல வேலை. ஒரு போளையைப் பாதி புதைத்து அச்செடுத்து, அந்த அச்சிலே 56 அரைக்கோளங்களையும் ஒவ்வொன்றாக ரெசினில் வார்த்திருந்தார். கண் தண்டுக்குப் பேனாக் கூடு, அதிலே வரிசையாகக் கோத்த பிளாஸ்டிக் வளையங்கள். குவிமாடத்தை மட்டும் ஃபைபர் பாய் போட்டுப் படகு போலவே இழைத்திருந்தார். மேற்பகுதியின் செங்குத்துப் பட்டிகள் ஒவ்வொன்றுக்கும் விளிம்பு தட்டிச் சீவியிருந்தார். இவ்வளவு பொறுமை உள்ள பிள்ளை கண்ணுக்கு ஒரு கண்ணாடி போடவில்லை.

ஹார்ட்னர் போத்தலின் நுனி அடைத்துப் போயிருக்கிறது. முகத்துக்கு நேரே பிடித்து அமத்தியிருக்கிறார். வலது கண்ணுக்குள் தெறித்துவிட்டது. அம்மா ஓடிவந்து துவாயால் துடைத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருவர் இருந்ததால் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். பிறகு ஓட்டோ தேடி, அது வந்து, எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வேலை செய்த கொட்டிலுக்குப் பக்கத்திலேயே கிணறு இருக்கிறது.

"ஏன் தண்ணியால கழுவேல்லை?" என்று கேட்டேன்.

"கெமிக்கலுக்குத் தண்ணி பட்டா இன்னும் எரிக்கும் எண்டு சொன்னவை, டொக்டர்."

இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. யார் சொன்னது? ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்ததென்று யோசித்தால் இரண்டு இடம் தெரிகிறது. ஒன்று சுண்ணாம்பு. நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே கண்ணில் விழுந்தாலும் தண்ணீர் விடக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு பிழை. சுண்ணாம்பு விழுந்தாலும் கட்டியைத் துடைத்தெடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவத்தான் வேண்டும். மற்றது சூப்பர் குளூ. ஈரம் பட்டால் அது கெதியாக இறுகும் என்பது உண்மை. கண்ணீரே ஈரம்தான், கண்ணுக்குள் போன பசை நீங்கள் தண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் இறுகத்தான் போகிறது. ஹார்ட்னர் இந்த இரண்டும் இல்லை. அது பெரொக்சைட்டு. கண்ணில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். தண்ணீரால் எரிவு கூடுகிறது என்று தோன்றினால் தோன்றட்டும். கழுவுங்கள்.

தாய்ப்பாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அம்மாமார் கோபிக்க வேண்டாம். பிள்ளையின் கண்ணென்று பதறித்தான் விடுகிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குள் இருப்பதை வெளியே அடித்துக்கொண்டு போக வாளிக்கணக்கில் தண்ணீர் வேண்டும். ஒரு கரண்டிப் பால் எதை வெளியே கொண்டுபோகும்? ஹார்ட்னரோடு சேர்ந்து உள்ளேயே நிற்கும். அதோடு, பால் விட்டாயிற்று, மருந்து செய்தாயிற்று என்று மனம் ஆறிவிடுகிறது. கிணற்றடிக்குப் போக வேண்டிய அவசரம் அதோடு போய்விடுகிறது. பாலைவிட அந்த ஆறுதல்தான் கண்ணைக் கெடுக்கிறது. நந்தியாவட்டைக்கும் இதே பதில். பூவைக் கசக்கிப் பிழிந்து, புண்ணான கண்ணுக்குள் விட்டால் கிருமியும் சேர்ந்து போகும்.

அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: எங்கள் கிணறு உப்புத் தண்ணீர், பரவாயில்லையா? பரவாயில்லை. கரையோரத்தில் பாதிக் கிணறுகள் அப்படித்தான். குளிக்கிற தண்ணீர் போதும். கொதித்தாறிய நீரைத் தேட வேண்டாம், சேலைன் வாங்க ஆளனுப்ப வேண்டாம். குழாயோ வாளியோ போத்தல் தண்ணீரோ எது முதலில் கைக்கு வருகிறதோ அது. தலையைப் பட்ட கண்ணின் பக்கம் சரித்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கம் ஓடும்படி மெல்ல ஊற்றுங்கள், மற்றக் கண்ணுக்குள் போகக் கூடாது. எரிவில் கண் தானாக இறுக மூடும், ஆகவே இன்னொருவர் இரண்டு இமைகளையும் விரலால் பிரித்துப் பிடிக்க வேண்டும். கண்ணை மேலே, கீழே, பக்கவாட்டில் உருட்டச் சொல்லுங்கள். மேலிமைக்குள் ஒளிந்திருப்பதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. 15 நிமிடம் குறையாமல், முடிந்தால் அரை மணித்தியாலம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், எரிகிற கண்ணுக்கு இரண்டு நிமிடமே இருபது நிமிடம் போலத்தான் இருக்கும். பிறகு வாருங்கள். வரும் வழியிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துக் கழுவிக்கொண்டே வாருங்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றர் அளவு. அந்தத் தெருவின் நடுவில் எங்கேயோ இருந்துகொண்டு, கழுவாத கண்ணோடு என்னிடம் வருகிறவருக்கு நான் என்ன செய்ய?

கண் சிவக்கவில்லை, நோவும் பெரிதாக இல்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் துறையில் இருப்பவர்களுக்குச் சிவந்த கண்ணைவிட வெளிறிய கண்தான் பயம். கருவிழியும் வெள்ளையும் சேர்கிற விளிம்பில் இரத்தக் குழாய்கள் கருகிப் போனால் கண் சிவக்காது, வெள்ளைக் கடதாசி மாதிரி இருக்கும். கருவிழியின் மேற்தோலைப் புதுப்பிக்கும் கலங்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அவை போனால் பிறகு காயம் மூடாது. நரம்பும் செத்தால் நோவும் குறைந்துவிடும். இந்தத் தம்பியின் கண்ணில் ஒரு பக்கம் அப்படித்தான் வெளிறி இருந்தது. இன்னும் கிளினிக் வருகிறார். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று இப்போது யாரும் உறுதி சொல்ல முடியாது.

படகுப் பட்டறையில் வருடக்கணக்காக இதே சாமானோடு வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆகியிருக்கிறது, எங்கள் கோப்புகளைப் பார்த்தால் தெரியும். அதைவிட, மாதிரி உருவம் செய்வது படகு கட்டுவதைவிடக் கண்ணுக்கு ஆபத்தான வேலை என்பது என் எண்ணம். படகுக்காரர் பெரிய வாளியில் இடுப்புக்குக் கீழே வைத்துக் கலக்குகிறார், நாளுக்குச் சில தடவைதான். 56 அரைக்கோளம் வார்க்கிறவர் சின்னக் கோப்பையில் திரும்பத் திரும்பக் கலக்குகிறார், ஒவ்வொரு தடவையும் போத்தலைத் தூக்கி, மூக்கு நுனிக்கு முன்னால் வைத்துச் சொட்டு எண்ணுகிறார். நுணுக்க வேலையென்றால் முகம் கிட்டப் போகத்தான் செய்யும்.

சொட்டு எண்ணுவதை விடுங்கள். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் நிறுங்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்ட்னர், எங்கள் வெயிலுக்கு 1 கிராம் பக்கமே போதும். கெதியாகக் காயட்டும் என்று கூட விட்டால் கோப்பையே சூடேறிப் புகையும், வார்ப்பும் வெடிக்கும். சில பட்டறைகளில் கோபால்ட் என்று, ரெசினைக் கெதியாக இறுக வைக்க, ஊதா நிறத்தில் தனியாக ஒரு திரவம் இருக்கும். அதையும் ஹார்ட்னரையும் நேரே சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். அது ஏற்கெனவே ரெசினில் கலந்திருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள். கேட்காமல் தொட வேண்டாம். (ரெஜிஃபோமில் குவிமாடம் செதுக்கி, அதன்மேல் இந்த ரெசினைப் பூசி, எல்லாம் உருகிப் போயிற்று என்று ஒருவர் கவலைப்பட்டார். ரெசினில் உள்ள ஸ்டைரீன் ரெஜிஃபோமைக் கரைக்கும். களிமண்ணிலோ மரத்திலோ செதுக்குங்கள்.)

கண்ணாடி என்று நான் சொல்வது பார்வைக் கண்ணாடியை அல்ல, கூலிங் கிளாஸும் அல்ல. சுற்றிவர முகத்தோடு ஒட்டி இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். ஹார்ட்னர் மூடியைத் திறக்க முன் அது கண்ணில் இருக்க வேண்டும். அரம் போடும்போதும், கிரைண்டர் பிடிக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

சூப்பர் குளூவால் இமை ஒட்டினால் இழுக்கக் கூடாது, கண்மயிரை வெட்டக் கூடாது. இளஞ்சூட்டு நீரால் கழுவி, ஈரத் துணி வைத்து வாருங்கள். பெரும்பாலும் தானாக விட்டுவிடும். அந்தப் போத்தலைக் கண் மருந்து வைக்கும் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவு, அம்மம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது.

டாலெக்கின் துப்பாக்கித் தண்டுக்குள் லேசர் பூட்டுகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். சிவப்பு எல்.இ.டி. போதும். மலிவு லேசர்களின் மேல் எழுதியிருக்கும் சக்தியை நம்ப முடியாது. விழித்திரையின் நடுவில் பட்டால் நோகாது, வெளியே ஒன்றும் தெரியாது. எழுத்து வாசிக்கிற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நிரந்தரமாக நின்றுவிடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்னொன்று, இது கண்ணோடு நிற்கிற விஷயம் அல்ல. விண்கலத்துக்கும் ஆயுதத்துக்கும் பொருத்தமான பழைய உருளை, கூம்பு, செட்டை வைத்த இரும்பு என்று காணிகளில் தேடுகிறீர்கள். எங்கள் மண்ணில் அப்படியான வடிவத்தில் கிடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. துரு பிடித்திருக்கிறது, பழசு என்று எடுத்துத் தட்டிப் பார்க்கவே கூடாது. தொடாமல் வந்த வழியே திரும்பி வந்து, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பிளாஸ்டிக் குழாயும் யோகட் கப்பும் வைத்து அதே வடிவத்தைச் செய்யலாம்.

மருமகனுக்கு ரெசின் கொடுக்கிற மாமாமாரிடம் ஒரு வேண்டுகோள். ஹார்ட்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். வந்த போத்தலிலேயே, பெயர் ஒட்டியபடி கொடுங்கள். கண்ணில் பட்டால் அந்தப் போத்தலையோ அதன் படத்தையோ எங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், என்ன பட்டதென்று ஊகித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. வெயில் படாத இடத்தில், அடுப்புக்கும் அசிட்டோனுக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் கிடக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை செய்யும் கொட்டிலில் ஒரு வாளி நிறையத் தண்ணீரும் ஒரு கோப்பையும் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.