இனிப்பு ஸ்டவுட் வாங்கும் முன் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளி நெருங்கினால் என் ஆலோசனை அறையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து வரும் அண்ணன்மார்கள், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்பார்கள்: "லாகர் அலுத்துப்போச்சு. ஸ்டவுட் குடிச்சுப் பார்க்கலாமா? கசக்காததா ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன்." (லாகர் என்றால் வழக்கமான வெளிர் பீர், ஸ்டவுட் என்றால் கறுப்பு பீர்.) நான் உணவியல் நிபுணர். குடிக்காதவரைக் குடிக்க வைப்பது என் வேலை இல்லை. ஆனால் வாங்கத்தான் போகிறேன் என்று முடிவோடு வருபவரை வெறுங்கையோடு அனுப்பினால், அவர் பாட்டில் ஸ்டோரில் நிற்கும் பையனிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். அதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

கறுப்பாக இருந்தால் போதை அதிகம், இனிப்பாக இருந்தால் லேசு என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. ஸ்டவுட்டின் கறுப்பு, நன்றாக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுப்பதால்தான் அந்த நிறமும் கசப்பும். ஆல்கஹாலுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. கின்னஸ் டிராஃப்ட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நாம் தண்ணீர் மாதிரி குடிக்கும் காசில் லாகரில் 5 சதவீதம். கின்னஸ் கசப்பதற்குக் காரணம், அது உலர்ந்த ஐரிஷ் வகை. ஈஸ்ட் அதிலிருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இனிப்பு ஸ்டவுட்களில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது காசில் மில்க் ஸ்டவுட். மில்க் ஸ்டவுட் என்ற வகை இங்கிலாந்தில் பிறந்தது. கென்ட் பகுதியில் ஹைத் என்ற ஊரிலிருந்த மேக்கசன் ஆலைதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பிரபலமாக்கியது. சூட்சுமம் லாக்டோஸ், அதாவது பாலிலுள்ள சர்க்கரை. பீர் காய்ச்சும் ஈஸ்டால் லாக்டோஸைப் புளிக்கவைக்க முடியாது. அதனால் அது அப்படியே தங்கி, ஒரு மெல்லிய இனிப்பையும் வாயில் வழவழப்பான கனத்தையும் கொடுக்கிறது. சாதாரணச் சீனியை விட லாக்டோஸ் இனிப்பு மிகக் குறைவு என்பதால் திகட்டாது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது நல்ல வகை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காசில் மில்க் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 6 சதவீதம், லாகரை விட அதிகம். அந்த மென்மையில் அது நாக்குக்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 340 மில்லி டம்பி (சின்ன பாட்டில்) ஒன்றில், லாகர் என்றால் சுமார் 13 கிராம் ஆல்கஹால், மில்க் ஸ்டவுட் என்றால் 16 கிராம். பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். ஆனால் நம்மவர்கள் டம்பியோடு நிறுத்துவதில்லையே! மில்க் ஸ்டவுட்டின் 750 மில்லி குவார்ட் (பெரிய பாட்டில்) ஒன்றில் 35 கிராமுக்கு மேல் இருக்கிறது. அது இரண்டரை லாகர் டம்பிக்கும் அதிகம். ஒரு மாதம் விரதமிருந்து தொடாத உடம்பு பழைய அளவைப் பழையபடி தாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கசப்பு பிடிக்காது, ஆனால் இனிப்பும் தூக்கலாக வேண்டாம் என்பவருக்கு ஓட்மீல் ஸ்டவுட் சொல்வேன். ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து வழவழப்பைத் தருகிறது, லாக்டோஸ் தேவைப்படுவதில்லை. யார்க்ஷயரின் சாமுவேல் ஸ்மித் ஓட்மீல் ஸ்டவுட் 5 சதவீதம். எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். வெப்பமண்டல ஸ்டவுட் என்று இன்னொரு வகை உண்டு. இலங்கையின் லயன் ஸ்டவுட் அதில் பேர் பெற்றது (நம்மூர் லயன் லாகர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). கருப்பட்டி, சாக்லேட் வாசனையோடு அருமையாக இருக்கும், ஆனால் 8.8 சதவீதம். ருசியில் இது ஆரம்பக்காரருக்கு மிகவும் பிடிக்கும், அதனாலேயே ஆரம்பக்காரருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. கேக், வெனிலா, தேங்காய் என்று எல்லாவற்றையும் போட்டுச் செய்யும் பேஸ்ட்ரி ஸ்டவுட்கள் பத்து சதவீதத்தையும் தாண்டும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களா நீங்கள்? நம் வம்சத்தில் இது சகஜம். வீட்டில் மில்க் ஸ்டவுட் காய்ச்சுபவர்கள் 19 லிட்டருக்குச் சுமார் அரைக் கிலோ லாக்டோஸ் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு டம்பிக்கு எட்டு, ஒன்பது கிராம். ஒரு டம்ளர் பாலில் இருப்பதில் முக்கால் பங்கு. ஒரு டம்பி சிலருக்கு ஒன்றும் செய்யாது, ஒரு குவார்ட் நிச்சயம் பேசும். பீரைக் குறை சொல்லிக்கொண்டு காலையில் வருகிறவர்களில் சிலருக்குப் பிரச்சினை லாக்டோஸ்தான்.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே வரும். பிள்ளை பெற்றவள் மில்க் ஸ்டவுட் குடித்தால் பால் ஊறும் என்று இன்னும் சில வீடுகளில் பெரியவர்கள் வாங்கிக் கொடுக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை ஆல்கஹால் மட்டுப்படுத்துகிறது, குழந்தைக்குக் கிடைக்கும் பால் குறைகிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹாலோ ஏறக்குறைய அதே அளவு பாலிலும் இருக்கும். ஆச்சி சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பைப் பார்த்து மட்டும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. மிச்சமிருக்கும் மாவுச்சத்து முதலில் சர்க்கரையை ஏற்றும். அப்புறம், சில மணி நேரம் கழித்து, கல்லீரல் ஆல்கஹாலைக் கழிப்பதில் மூழ்கி, குளுக்கோஸ் தயாரிப்பதைக் குறைத்துவிடும். இன்சுலின் போடுபவருக்கும் கிளிக்ளசைட் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கும் நள்ளிரவில் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். வியர்வை, தடுமாற்றம், குழறல் எல்லாம் வரும். வீட்டில் உள்ளவர்கள் போதை என்று போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயமும் இருக்கிறது. இந்த மாத்திரைகளில் இருப்பவர்கள் ஸ்டவுட் வகையை என்னிடம் கேட்பதற்கு முன் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் தொடவே வேண்டாம்.

சரி, முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால் ஒரு டம்பி போதும், குவார்ட் வேண்டாம். சதவீதம் 6-க்குள் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காமல் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். கடும் குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு தெரியாது, கசப்புதான் முன்னுக்கு வரும். "இனிப்பு ஸ்டவுட்னு சொன்னீங்க, கசக்குதே" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் ஐஸ் போட்டுக் குடித்தவர்கள். பாட்டிலோடு குடிக்காமல் கிளாஸில் ஊற்றுங்கள், வாசனைதான் பாதி ருசி. கூடவே மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) இருந்தால் இன்னும் நல்லது. காரத்தோடு கசப்பு பீர் சேர்ந்தால் எரிச்சல் கூடும். மில்க் ஸ்டவுட் அதைத் தணிக்கும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறுவதும் மெதுவாகும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு: இங்கே சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம், தொழில்முறை ஓட்டுநர்களுக்கு 0.02 கிராம். உடம்பு ஒரு மணிக்குச் சராசரியாக ஏழிலிருந்து பத்து கிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்கும்; காப்பியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. இரவு பதினொரு மணிக்குள் இரண்டு குவார்ட் மில்க் ஸ்டவுட்டை முடித்துவிட்டு, காலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்கு லாரி எடுக்கும் தம்பி, நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாலும் அந்த 0.02-ஐத் தாண்டியே இருக்கக்கூடும்.