ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அளந்துதான் கரைக்க வேண்டும்: குடல் செல் சொல்லும் காரணம்

வேலூரில் வெயில் ஏறிவிட்டால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது பெற்றோருக்குப் புதிதல்ல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் பல வீடுகளில் இருக்கிறது. தவறு நடப்பது கரைக்கும்போதுதான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, கண்ணளவாக ஒரு ஸ்பூன் எடுத்து டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, மீதியை மடித்து வைக்கிறார்கள். இதில் என்ன கெட்டுப்போகிறது என்பது புரிய, குடல் செல்லுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

சிறுகுடலின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் மேல்பக்கத்துப் பிளாஸ்மா சவ்வும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்விரல்களாக நீண்டிருக்கும். அந்தச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் இரண்டு சோடியம் அயனிகளும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் வாசல் அது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். செல்லின் அடிப்பக்கச் சவ்விலோ சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்கான ஆற்றலை (ஏ.டி.பி. என்ற மூலக்கூறு) உணவிலிருந்து எடுத்துத் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. இதனால்தான் வயிற்றுப்போக்கின்போது பட்டினி போடாதீர்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

காலரா நச்சு இந்தச் செல்லுக்குள் நுழையும் விதம் வியப்பானது. சவ்விலிருந்து கோல்கை உறுப்பு, அங்கிருந்து எண்டோபிளாச வலைப்பின்னல் என்று, செல் தன் புரதங்களை வெளியே அனுப்பும் பாதையிலேயே எதிர்த்திசையில் போகிறது. பிறகு அதன் ஒரு துண்டு சைட்டோபிளாசத்துக்குள் தப்பி, சுழல் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. குளோரைடு கால்வாய்கள் திறந்துகொள்ள, தண்ணீர் குடலுக்குள் கொட்டுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 பழுதாவதில்லை; ஓ.ஆர்.எஸ்ஸில் உள்ள உப்பும் குளுக்கோஸும் அந்த வாசல் வழியே தண்ணீரை உள்ளே கொண்டுபோகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதன் ரகசியம் முழுவதும் இதுதான்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் வேறு வகை. புரதம் தயாரிக்கும் செல்லின் ரைபோசோம்களையே பயன்படுத்திப் பெருகி, செல்லைக் கொன்றுவிடும். 6, 10, 14 வாரங்களில் தரும் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். இந்தியாவில் உருவான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் பெரிய ஆய்வு நடந்த மூன்று ஊர்களில் டெல்லி, புனேயுடன் நம் வேலூரும் ஒன்று.

அளவுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லியாஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் அளவு). ரத்தத்தின் செறிவு 285ஐ ஒட்டியது. கரைசல் ரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருப்பதால் தண்ணீர் செல்லுக்குள் எளிதாகப் போகிறது. அதே பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் செறிவு இருமடங்காகி, செல்லிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும். ரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளைச் செல்கள் சுருங்கி வலிப்பும் வரலாம். இரண்டு லிட்டரில் கரைத்தாலோ இழந்த உப்பு ஈடாகாது. லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை உள்ள குளிர்பானங்கள் போக்கை அதிகமாக்கும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் மிகக் குறைவு, ஓ.ஆர்.எஸ்ஸுக்கு மாற்று ஆகாது.

செறிவு கூடினால் செல் என்ன ஆகும் என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். வேலூர் முள்ளு கத்தரிக்காயை நறுக்கி உப்புத் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் நீர் கசியும். செல்லின் நடுவிலிருக்கும் பெரிய நீர்ப்பை (வாக்குவோல்) தண்ணீரை இழந்து, சவ்வு செல் சுவரிலிருந்து விலகிச் சுருங்குகிறது. சுவர் மட்டும் அப்படியே நிற்கும். வெறும் தண்ணீரில் போட்டாலும் அந்தச் சுவர் தாவரச் செல்லை வெடிக்கவிடாது. நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் விட்டால் உடைந்துவிடும். நரம்பில் ஏற்றும் சலைனில் உப்பு 0.9 சதவீதமாக இருப்பதும் இதனால்தான்.

ஆகவே பாக்கெட்டின் மேல் 1 லிட்டரா 200 மில்லியா என்று முதலில் படியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை அதே அளவுக்கு அளந்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே முறையில் கொட்டுங்கள். கரைத்தபின் கொதிக்கவைக்காதீர்கள், சர்க்கரை, பால், ஜூஸ் சேர்க்காதீர்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயதுவரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூனால் மெதுவாகத் தொடருங்கள்.

குடல் உறைச் செல்கள் சில நாட்களுக்கொருமுறை புதிதாகின்றன. அதற்குத் துத்தநாகம் உதவும். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10 மில்லிகிராம், மொத்தம் 14 நாள். மூன்றாம் நாளே போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது இன்னொரு பரவலான தவறு. ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

குழந்தை ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, கண் குழிந்து சோர்ந்து கிடக்கிறது, குடிக்கவே முடியவில்லை, மலத்தில் ரத்தம் தெரிகிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வழியிலும் ஸ்பூனால் கரைசல் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.