குப்பைமேனி வேரும் ஒற்றைச் சாக்ஸும்

ஒரு வாசகி எழுதியிருந்தார்: “600 ரூபாய் கொடுத்து, சாவி கொடுத்தால் ஓடுகிற எலி ஒன்று வாங்கினேன். இரண்டு நாள்தான். மூன்றாம் நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பூனை அதைச் சீண்டுவதே இல்லை. அந்த எலி வந்த அட்டைப்பெட்டியில்தான் இப்போது குடித்தனம். மக்கு நானா, பூனையா?”

இரண்டு பேரும் இல்லை. பொம்மை செய்தவருக்குத்தான் பூனை எதைத் தேடுகிறது என்று தெரியவில்லை. வீட்டில் தூக்கிப் போடுகிற சாமான்களிலேயே அதைவிட நல்ல விளையாட்டுப் பொருள்கள் செய்யலாம், அதில் ஒன்றைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்கு முன்னால் அந்த எலிக்கு என்ன ஆச்சு என்று பார்த்துவிடுவோம்.

பூனைக்கு விளையாட்டும் வேட்டையும் ஒன்றுதான். பதுங்கல், பாய்ச்சல், கவ்வல், பின்னங்காலால் உதை என்று எல்லாமே எலி பிடிக்கிற வேலையின் துண்டுகள். இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷாவும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது மூன்றாம் தடவைக்குள் பூனைகளின் ஆர்வம் வடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் விட்டு வேறு நிறப் பொம்மை ஒன்றைக் கொடுத்தால், முதல் தடவையைவிட ஆவேசமாகப் பாய்ந்தன. ஆக, பூனைக்கு விளையாட்டு அலுக்கவில்லை, அந்தப் பொம்மைதான் அலுத்துவிட்டது. நிஜ எலியைக் கடித்தால் தோல் கிழியும், ரத்தம் வரும், ஏதாவது மாறும். எத்தனை கடித்தாலும் அப்படியே கிடக்கிற இரையோடு மல்லுக்கட்டுவதில் என்ன லாபம்? விட்டுவிடுகிறது. இதனால்தான் குப்பை ஜெயிக்கிறது. பிளாஸ்டிக் எலியைத் தினமும் மாற்ற முடியாது, கசக்கிய காகிதத்தை மாற்றலாம்.

சிப்ஸ் பாக்கெட் சரசரப்பில் பூனை ஓடிவருவதற்கும் காரணம் இருக்கிறது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும், பூனைக்கு 85 வரை போகும். எலிக்குஞ்சுகள் பேசிக்கொள்வது அந்த உயரத்தில்தான், சரசரப்பிலும் அந்த உயரமான ஒலிகள் கலந்திருக்கின்றன. (உங்கள் பூனைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டது என்றால் ஜரிகைத்தாள், அலுமினியத் தாள் வகையறா வேண்டாம். வயதான சில பூனைகளுக்கு இந்தச் சத்தங்களால் வலிப்பே வருவது 2015-இல் பதிவாகியிருக்கிறது.) அட்டைப்பெட்டி ஒளிந்துகொள்ள இடம், அவ்வளவுதான். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பதற்றம் தணிந்தன என்று 2014-இல் கண்டார்கள். சரி, இதெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒற்றைச் சாக்ஸில் செய்கிற பொம்மையைப் பற்றி. அதற்குள் வைக்கிற வேரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் மிளகு என்று ஒரு கறுப்புப் பூனை. நான்கு வருஷத்துக்கு முன்னால் மழை ஓய்ந்த ஒரு காலையில், துணி துவைக்கிற கல்லைச் சுற்றி மண்டிக் கிடந்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடுங்கிப் போட்ட குவியலில் மிளகு வந்து விழுந்தாள். விழுந்தாள் என்றால் சும்மா இல்லை, கன்னத்தைத் தேய்க்கிறாள், எச்சில் வடிகிறது, மல்லாந்து புரள்கிறாள், கூப்பிட்டால் காது திரும்பவில்லை. விஷம் ஏதாவது கடித்துவிட்டதோ என்று பயந்து தூக்கினேன். என் கையை உதைத்துவிட்டு மறுபடியும் குவியலுக்கே ஓடினாள். எந்தச் செடி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்த்ததில், குப்பைமேனி. அதிலும் இலையைச் சட்டை செய்யவில்லை, மண்ணோடு வந்த வேரைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

குப்பைமேனியை உங்களுக்குத் தெரியும். உப்பு வைத்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவார்களே, அதுதான். இதற்குச் சித்த மருத்துவ நூல்களில் இன்னொரு பெயர் இருக்கிறது: பூனைவணங்கி. அன்றுவரை அந்தப் பெயரை நான் ஏதோ அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். வைத்தவர் ஒரு மிளகு மாதிரிப் பூனையைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்! மலாய் மொழியிலும் இந்தச் செடியின் பெயரில் கூச்சிங், அதாவது பூனை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே வேடிக்கையைப் பார்த்திருக்கிறார்கள்.

பார்த்ததும் பெயர் வைத்ததும் நாம். வேரில் இருப்பது என்ன என்று பிரித்தெடுத்துச் சொன்னது ஆஸ்திரேலியர்கள், 2016-இல். ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு என்று அவர்களுக்கு ஒரு தீவு உண்டு. அங்கே மனிதர் கொண்டுபோன பூனைகள் காட்டில் பெருகித் தீவின் சொந்தப் பிராணிகளைத் தின்று தீர்த்தன. பூனைகளைப் பொறிக்கு இழுக்க ஒரு வாசனை தேவைப்பட்டது. அங்கேயும் களையாக முளைக்கிற குப்பைமேனியின் வேரை ஆராய்ந்து இரண்டு மூலக்கூறுகளை எடுத்தார்கள், ஐசோடைஹைட்ரோநெபடலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின். பெயரைப் பார்த்து மிரளவேண்டாம். முதல் பெயருக்குள் இருக்கிற ‘நெபட’ வெளிநாட்டில் பூனைக்கென்றே விற்கிற கேட்னிப் செடியின் பெயர். இரண்டாவதின் ‘மிர்மெ’ எறும்பு, அந்த வகைப் பொருளை முதலில் எடுத்ததே எறும்பிலிருந்துதான். இரண்டும் இரிடாய்டு என்ற ஒரே குடும்பம். பூச்சிகளை விரட்டச் செடிகளும் எறும்புகளும் தயாரிக்கிற ஆயுதம் அது.

இதில் கவனியுங்கள். கேட்னிப் நம் துளசி, புதினாவின் சொந்தக்காரச் செடி. ஜப்பானில் பூனைகள் மயங்குகிற மதாதபி, கிவிப் பழக் கொடியின் பங்காளி. குப்பைமேனி ஆமணக்கு வகையறா. மூன்றுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது, மூன்றும் தனித்தனியே ஒரே மாதிரி ஆயுதத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, மூன்றிலும் பூனை போய் விழுகிறது. பூச்சிக்கு வைத்த மருந்தில் பூனைக்கு என்ன வேலை?

இதற்குப் பதில் சொன்னது ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் மசாவோ மியாசாகி குழு, 2021-இல். நான் படித்ததிலேயே அழகான சோதனைகளில் ஒன்று இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மதாதபி இலையிலிருந்து நெபடலாக்டால் என்ற இரிடாய்டை எடுத்துக் காகிதத்தில் தடவிப் பூனை முன்னால் வைத்தார்கள். வழக்கம்போல உருண்டு புரண்டது. ரத்தத்தைச் சோதித்தால் பீட்டா எண்டார்ஃபின் ஏறியிருக்கிறது. அது மூளையே காய்ச்சிக்கொள்கிற அபின். அபினின் வேலையைத் தடுக்கிற நலாக்சோன் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் பூனை புரள்வதில்லை, மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆக மூக்கில் நுழைகிற வாசனை, மூளைக்குள் இருக்கிற சொந்த அபின் பெட்டியைத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து போதைப்பொருள் எதுவும் உள்ளே போகவில்லை.

சரி, சுகமாக இருக்கிறது, புரள்கிறது என்று இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. காகிதத்தைத் தரையில் வைக்காமல் கூண்டின் சுவரிலும் கூரையிலும் ஒட்டினார்கள். பூனை என்ன செய்தது தெரியுமா? பின்னங்காலில் எழுந்து நின்று, முகத்தையும் தலையையும் அந்தக் காகிதத்தில் தேய்த்தது. தரையில் புரளவில்லை. சுகம் தாங்காமல் புரள்வதுதான் விஷயம் என்றால் கூரையில் இருந்தாலும் தரையில் புரண்டிருக்க வேண்டும் இல்லையா. பூனைக்கு வேண்டியது தேய்ப்பு. பொருளை உடம்பில் பூசிக்கொள்கிறது, புரள்வது முதுகுக்கும் கழுத்துக்கும் பூசுகிற வழி. எதற்குப் பூச்சு என்பதற்குக் கொசுக்கூண்டைக் கொண்டுவந்தார்கள். டெங்கு, சிக்குன்குனியா பரப்புகிற ஏடிஸ் இனக் கொசுதான். பூசிய பூனைத் தலையில் வந்து உட்கார்ந்த கொசுக்கள், பூசாத தலையில் உட்கார்ந்தவற்றில் ஏறக்குறைய பாதி.

புதரில் மணிக்கணக்காக அசையாமல் பதுங்கி உட்காருகிற வேட்டைக்காரனுக்குக் காதும் மூக்கும்தான் கொசுவுக்குத் திறந்த வாசல். கொசு மருந்து பூசிக்கொள்வதைக் கடமையாக வைத்தால் எந்தப் பூனை செய்யும், அதனால் பரிணாமம் அதைப் பேரின்பமாக வைத்துவிட்டது. சிறுத்தை, ஜாகுவார், லின்க்ஸ் என்கிற காட்டுப்பூனை எல்லாம் இதே வாசனையில் தலையைத் தேய்த்தன. நாயும் சுண்டெலியும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே குழு 2022-இல் இன்னொன்று கண்டது. பூனை மதாதபி இலையைக் கடித்துக் குதறுவது தின்பதற்காக இல்லை, கசங்கிய இலையிலிருந்து இரிடாய்டு பத்து மடங்குக்கும் மேல் கிளம்புகிறது. துளசியைக் கசக்கி மோப்பது மாதிரிதான். மிளகு முழுச்செடியை ஏன் மதிக்கவில்லை, பிடுங்கி அறுந்த வேரை ஏன் கட்டிக்கொண்டாள் என்பது எனக்கு அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

இங்கே கொஞ்சம் புலம்ப அனுமதியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் மிளகு குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார். நல்ல மனிதர், குப்பைமேனி வைத்தியமும் அவருக்குத் தெரியும். பூனைவணங்கி என்று பெயர் வைத்ததும் முன்னோர்தான், பூனை குறுக்கே போகக்கூடாது என்றதும் முன்னோர்தான். ஒன்றை யார் வேண்டுமானாலும் ஒரு வேரைப் பிடுங்கிச் சோதித்துவிடலாம், சோதித்தால் நிற்கிறது. மற்றதை ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தாலே உதிர்ந்துவிடும், ஆனால் எவரும் எழுதுவதில்லை. ‘முன்னோர் சொன்னதெல்லாம் விஞ்ஞானம்’ என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும், ‘எல்லாம் மூடத்தனம்’ என்று கையை உதறுகிறவர்களுக்கும் இந்த நோட்டு வேலை பிடிக்காது. பூனை ஏன் வேரில் புரள்கிறது என்று ஆராயப் பணம் கேட்டு ஒரு இளம் ஆய்வாளர் விண்ணப்பம் போட்டால், ‘இதனால் நாட்டுக்கு என்ன பயன்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? கொசு விரட்டி என்று முன்கூட்டியே எப்படி எழுதுவார்? கூரையில் காகிதம் ஒட்டிப் பார்த்த பிறகல்லவா அது தெரியவந்தது.

பொம்மைக்கு வருகிறேன். ஜோடி தொலைந்த ஒற்றைச் சாக்ஸ் எல்லார் வீட்டிலும் இருக்கும். தையல்கடையில் வெட்டுத்துணி சும்மாவே கொடுப்பார்கள். குப்பைமேனியை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேர் அறாமல் வரும். சாலையோரமும் மருந்தடித்த இடமும் வேண்டாம். மண் போகக் கழுவி, நிழலில் ஒரு நாள் ஈரம் போகவிட்டு, அம்மிக்குழவியால் லேசாக நசுக்குங்கள். சின்னத் துணியில் முடிந்து சாக்ஸின் நடுவில் வைத்து, சுற்றிலும் வெட்டுத்துணியைத் திணித்து, சாக்ஸின் வாயை அந்தத் துணியாலேயே முடிச்சுப் போட்டுவிடுங்கள். பூனை முன்னங்காலால் கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் உதைக்க வேண்டும், அதனால் ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும்.

வேரைத் துணிக்குள் முடிவதற்குக் காரணம் உண்டு. குப்பைமேனியில் அகாலிஃபின் என்று சயனைடு தருகிற பொருளும் இருக்கிறது, வாசனை பிடிக்கலாம், தின்னக்கூடாது. அதேபோல நூல், ரப்பர் பேண்ட், ரிப்பன், பட்டன் எதையும் பொம்மையில் வைக்காதீர்கள். பூனை நாக்கை விரலால் தடவியிருக்கிறீர்களா, உப்புத்தாள் மாதிரி இருக்கும். அத்தனையும் தொண்டையைப் பார்த்து வளைந்த கொக்கிகள். நூல் ஒன்று சிக்கினால் பூனை நினைத்தாலும் துப்ப முடியாது, உள்ளே உள்ளே போகும், ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் சுருக்குப்பை வாய் மாதிரிச் சுருங்கிவிடும். அப்புறம் அறுவைச் சிகிச்சைதான்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஆட்டம் நடக்கும், பிறகு சட்டென்று எழுந்து ஒன்றும் நடக்காதது மாதிரி முகம் கழுவப் போய்விடும். அப்போது சாக்ஸை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். வெளியிலேயே கிடந்தால் அதுவும் அந்த 600 ரூபாய் எலியாகிவிடும். வாரம் ஒரு தடவை வேரை மாற்றினால் போதும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகள் கண்டுகொள்ளாது. வளர்ந்ததிலும் சில பூனைகளுக்கு இந்த வாசனை பிறவியிலேயே உறைக்காது. உங்களுடையது அந்த ரகம் என்றால், அட்டைப்பெட்டிதான் இருக்கிறதே.